மலைக்குப் போன சிலிண்டர்

பக்கத்து வீட்டில் குளிக்க வெந்நீர் போடுகிறார்கள். இரும்புக் குழாய்க்குள் மூச்சு நுழைந்து, சாம்பலில் முட்டி, புஸ்ஸென்று சிதறுகிற சத்தம். ஊதுகுழல். ஒரு முறை ஊதி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு முறை. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். எழுந்த பிறகுதான் உறைக்கிறது: அது அடுத்த வீடு. ஊதுகிறவள் நல்ல நெஞ்சோடு இருக்கிற சின்னப் பெண். நான் போய்ப் பிடுங்க வேண்டிய குழாய் அல்ல அது. உட்கார்ந்துவிடுகிறேன். உடம்பு மட்டும் உட்கார மறுக்கிறது.

நாங்கள் இந்த ஊருக்கு வந்ததே மூச்சுக்காகத்தான். கள்ளக்குறிச்சியில் பெரிய ரோட்டை ஒட்டிய வாடகை வீட்டில் பல வருடம் இருந்தோம். முன்னால் கரும்பு லாரிகள், பின்னால் அரிசி ஆலையின் உமித்தூள். என் மனைவி பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு சின்ன விசில் வர ஆரம்பித்தது. முதலில் கேலி செய்தேன். பிறகு கேலி நின்றது. டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தூசு இல்லாத ஊராப் பாருங்க. பொகை மட்டும் கிட்டயே வரக்கூடாது. அடுப்புப் பொகை, சாம்பிராணி, ஊதுவத்தி, எதுவும்" என்றார். அந்த வாரமே கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கோமுகி வாய்க்காலுக்குப் பக்கத்தில் இந்த ஓட்டு வீட்டைப் பார்த்தேன். வாசலில் நின்றால் மலை. நீலமாக, ஈரமாக, யாரோ துவைத்துப் போட்டதுபோல். நல்ல காற்றைத் தேடி வந்த இடத்தில் நான் அவளுக்கு என்ன கொடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

கேஸ் இணைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. டவுன் ஏஜென்சி இவ்வளவு தூரம் வண்டி அனுப்பாது. பக்கத்தில் இருந்த ஏஜென்சிக்கு மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாள், புது ஏஜென்சியின் மேசையில் என் கேஸ் புத்தகத்தை வைத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார். என் பெயர் மலைச்சாமியின் பெயர். அம்மா மலைக்கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்தது. சமவெளியில் அந்தப் பெயர் அபூர்வம், கல்வராயன் மலையில் அது வீட்டுக்கு ஒன்று. சிரித்த கையோடு என் புத்தகத்தைச் சணல் போட்டுக் கட்டியிருந்த ஒரு கட்டின் மேல் செருகினார். செருகியதை நான் பார்த்தேன். ஒரே நொடி, என் கண் முன்னாலேயே நடந்தது. "புக்கு இங்கயே இருக்கட்டும் சார், சீல் போட்டுத் தரோம். போன்ல புக் பண்ணிக்குங்க" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

எனக்குக் கள்ளக்குறிச்சி அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. பெயர் மாறிவிடாமல், முகூர்த்த நேரம் மாறிவிடாமல் பார்க்கிறவன். அதற்குத்தான் சம்பளம்.

ஆவணியில் முதல் சிலிண்டரைப் பதிந்து, பணத்தையும் போனிலேயே கட்டினேன். இரண்டு நாள் கழித்து, ஒரு பத்திரிகையில் பெண் வீட்டாரின் ஊரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இரைச்சலில் ஓர் ஆண் குரல். "அண்ணே, சிலிண்டர் வந்திருக்குது. ஓடிபி வந்திருக்கும் பாரு, சொல்லு." செய்தியைத் திறந்தேன், நான்கு எண்களைப் படித்தேன், வைத்தேன். பத்திரிகைக்குத் திரும்பினேன். எழவு, அந்தப் பத்திரிகையில் ஒரு பிழைகூட விடவில்லை.

வீட்டுக்கு வந்து "சிலிண்டர் எங்க வெச்ச?" என்றேன்.

"இன்னா சிலிண்டரு?"

போனைக் காட்டினேன். தங்கள் சிலிண்டர் வழங்கப்பட்டது, நன்றி என்று இருந்தது. அவள் போனை வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஓ, இதுக்குள்ள எறக்கிட்டாங்களா? அப்ப டியூப இதுல மாட்டுங்க. ராத்திரிக்கு தோசை."

இருவரும் சிரித்தோம். அப்போது அடுப்பில் இன்னும் பாதி சிலிண்டர் இருந்தது. சிரிக்க முடிந்தது.

மறுநாள் ஏஜென்சிக்குப் போனேன். கம்ப்யூட்டர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"டெலிவரி ஆயிடுச்சுங்க சார்."

"எங்க ஆச்சு? எங்க வூட்டுக்கு வரலியே."

"சிஸ்டத்துல ஆயிடுச்சுன்னு காட்டுது."

"சிஸ்டம் எங்க வூட்டு அடுப்பையா பாக்குது? வரலைங்க."

"பக்கத்து வூட்ல எறக்கியிருப்பான் சார். கேட்டுப் பாருங்க. இல்லன்னா புகார் நம்பருக்கு அடிங்க."

அடித்தேன். தமிழுக்கு ஒன்று, புகாருக்கு நான்கு, காத்திருக்க ஒரு புல்லாங்குழல் இசை. நான்கு நாளில் பதில் வந்தது: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எதைத் தீர்த்தார்கள் என்று இல்லை. மறுபடி புகார், மறுபடி தீர்க்கப்பட்டது. முந்தினது வந்து இத்தனை நாள் ஆகாமல் அடுத்ததைப் பதிய முடியாது என்றது இயந்திரக் குரல். வராத சிலிண்டர் தீர்வதற்கு நாங்கள் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் இருந்த சிலிண்டர் புரட்டாசி பிறக்கும் முன்பே தீர்ந்தது. சுடர் மஞ்சளாகி, குறுகி, ஒரு துளி நீலமாக நின்று, அணைந்தது. சாய்த்துப் போட்டு அரை வேளை ஓட்டினோம். பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கினோம். அவர்களுக்கும் தேவை வந்தபோது திருப்பிக் கேட்டார்கள், மிச்சத்தோடு கொடுத்தோம். கரண்ட் அடுப்பு வாங்கினேன். இங்கே மாலையானால் வோல்டேஜ் கம்மி, அது கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் ஃபியூஸை எரித்துவிட்டு நிரந்தரமாகப் படுத்தது. சில நாள் ஓட்டலில் வாங்கி வந்தேன். அவளுக்கு ஓட்டல் எண்ணெய் சேரவில்லை, இருமல் ஜாஸ்தியானது.

பதிய அனுமதித்த முதல் நாளே இரண்டாவதைப் பதிந்தேன். மூன்றாம் நாள் காலை, டவுன் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது போன். இந்த முறை ஒரு பெண் குரல். "அண்ணே, வண்டி வந்துட்டுது. ஓடிபி மட்டும் சொல்லிடுங்கண்ணே." மறு கையால் போனைப் பிடித்துப் பார்த்து நான்கு எண்களையும் சொன்னேன். ஒரு முறைக்கு இரண்டு முறை, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி. எண்ணைச் சொன்னால் சிலிண்டர் வரும் என்று நம்புகிறவனின் குரலில். அந்தப் பெண் சொன்னாள், "நல்லா இருப்பீங்கண்ணே."

ஏஜென்சியில் இப்படியெல்லாம் வாழ்த்துகிறார்களா என்று பஸ்ஸில் எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

மாலையில் வீட்டில் சிலிண்டர் இல்லை. செய்தி மட்டும் இருந்தது. அவள் கேட்டாள், "யாராவது போன் பண்ணாங்களா?" இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு தடவையும் என் வாயால் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிழை பார்க்கிறவன் இல்லையா.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் பின்பக்கம் போட்டிருந்த சவுக்குக் கட்டை நனைந்து ஊறியிருந்தது. ஒரு மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது எங்கள் ஓட்டுக்கு மேலே புகை. மழைக்குள் எழ முடியாமல் கூரையோடு படுத்துக் கிடந்த வெள்ளைப் புகை. ஓடினேன். உள்ளே அந்தச் சத்தம். குழாய், மூச்சு, சாம்பல். அவள் மூன்று செங்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஊதலுக்கும் பிறகு மூச்சை உள்ளே இழுக்க அவளுக்கு அதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. குழாயைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன்.

"நான் வந்து பத்தவைக்க மாட்டனா? இன்னாத்துக்கு இதத் தொட்ட?"

அவள் கையால் சைகை செய்தாள், இரு, இரு என்று. மூச்சு வந்த பிறகு சொன்னாள்: "எத்தினி நாளைக்குத்தான் பன்னு தின்றது? ஒரு வாய் ரசஞ்சோறு தின்னணும்போல இருந்துச்சுங்க."

அன்று ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டுக் காற்று வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இன்னொரு தபா இப்படி வந்தால் தன்னால் ஆகாது, சேலமோ பாண்டிச்சேரியோ பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பேப்பரில் எழுதும்போது பேனா நிற்கவே இல்லை, அது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த நாள் இருவருமாக ஏஜென்சிக்குப் போனோம். என்னோடு வருகிறேன் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். அந்த மாதிரி நான் கத்தியதில்லை. என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது.

"ஒருத்தி மூச்சுக்குச் சாவறா, நீங்க சிஸ்டம் சிஸ்டம்னு சொல்லிக்கினு இருக்கீங்களே!"

கம்ப்யூட்டர்காரர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அவர் கத்தவில்லை. அதுதான் மோசம்.

"சார், இங்க பாருங்க. ரெண்டு தபாவும் ஓடிபி போட்டுத்தான் டெலிவரி ஆயிருக்குது. உங்க போனுக்குத்தான் வரும். நீங்க சொல்லாம எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் குடுத்திருக்கீங்க."

அவள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தபாவுமா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். அவளை அப்படியே ஏதாவது ஒரு வண்டியில் ஏற்றி மலையைப் பார்த்து எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது. எங்கே போவது? எங்கே போனாலும் சோறு ஆக்க வேண்டும்.

சிலிண்டர் ஏற்றுகிற பெரியவர் ஒருவர் வாசலில் பீடியை அணைத்துக்கொண்டிருந்தார், அவள் இருமலைப் பார்த்து. உள்ளே நடந்தது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"மலைக்காரரு பேரு இல்ல இது! உங்க புக்கு மலைக்கட்டுல போயிருக்கும் சார். கரியாலூர்ல ஒரு கடை இருக்குது. மலைக்குப் போற சிலிண்டர் பூரா அங்கதான் எறக்குவோம், புக்குக் கட்டும் அந்தக் கடைக்காரர்கிட்டதான். இவன் பேரப் பாத்துட்டுச் சொருகிட்டான். காலி சிலிண்டரையும் தூக்கிக்கினு நேராப் போங்க. இங்க கத்தி ஆவப்போறது ஒண்ணுமில்ல."

பஸ்ஸில் சிலிண்டர் ஏற்ற மாட்டார்கள். மறுநாள் காலை குச்சிக்கிழங்கு ஏற்ற மலைக்குப் போகிற ஒரு குட்டி யானை வண்டியில் காலி சிலிண்டரைப் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். கிளம்பும்போது அவளிடம் சொன்னேன், "நான் வர்ற வரைக்கும் அடுப்பப் பத்தவைக்காத." ஏஜென்சியிலிருந்து வந்தது முதல் அவள் என்னோடு பேசவில்லை.  வாசலில் எறிந்த ஊதுகுழல் திரும்பவும் உள்ளே சுவரில் சாய்ந்திருந்ததைப் பார்த்தேன்.

வளைவுக்கு வளைவு வண்டி முக்கியது. காலி சிலிண்டர் பின்னால் உருண்டு உருண்டு இடித்தது. மேகம் ரோட்டில் படுத்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அன்று புகை என்றே பட்டது. டிரைவர் கடை வாசலில் இறக்கிவிட்டார். "கெழங்கு ஏத்த ரெண்டு மணி நேரம் ஆவும். திரும்பி வரச்சொல்ல ஆரன் அடிப்பேன். வரலன்னா நிக்க மாட்டேன், மழ வருது."

கடைக்காரர் உப்பு மூட்டைக்குப் பின்னாலிருந்து சணல் கட்டை எடுத்தார். என் பெயரில் நான்கு புத்தகங்கள் இருந்தன. நான்காவது என்னுடையது. அதற்குள் மடித்த ரூபாய்த் தாள்கள், இரண்டு சிலிண்டருக்கானது, ஒன்றும் குறையாமல்.

"நாங்க யாரையும் ஏமாத்தல சார்" என்றார். முதல் தடவை போனில் பேசிய குரல் அதுதான். "இங்க பாதி ஆம்பளைங்க கேரளாவுல வேலைக்குப் போயிருக்கானுங்க. அவன் முறைக்கு சிலிண்டர் வந்தா, இங்க யாருக்கு அவசரமோ அவங்க அவனுக்குப் போன் பண்ணுவாங்க. ஓடிபி சொன்னான்னா குடுத்துட்டான்னு அர்த்தம். சொல்லலன்னா தொடமாட்டோம். எடுத்தவங்க பணத்த அவன் புக்குலயே வெச்சிடுவாங்க. பணமும் முன்னாடியே கட்டியிருந்துச்சு, உங்க பேரும் மலைப்பேரு, கேட்டதும் சொன்னீங்க. கேரளாவுல இருக்கற நம்மாளுதான்னு நெனச்சிட்டோம்."

பணம் கையில் இருந்தது. சுருட்டிப் பைக்குள் வைத்தேன். பணத்தை அடுப்பில் வைத்தால் சோறு வேகாது. "சிலிண்டர் வேற இருக்குதா?"

"அடுத்த லோடு எப்ப வரும்னு தெரியல சார். மொத தபா வந்தது எப்பவோ தீந்துட்டுது. ரெண்டாவது அதோ அந்த வூட்ல. போன வாரந்தான் மாட்டுச்சு."

காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தேன். சாணம் மெழுகிய வாசல். உள்ளே நீலச் சுடர். அதன் மேல் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. என் சுடர். அதன் முன்னால் நின்றிருந்தவளுக்கு முப்பது வயதிருக்கும். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு, கழுத்தில் துண்டால் தொங்கவிட்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவள் முகம் மலர்ந்தது.

"ஓடிபி சொன்ன அண்ணனா? குரலக் கேட்டதுமே தெரிஞ்சுதே! ரெண்டு தபா சொன்னீங்களே, நிறுத்தி நிறுத்தி. கை ஒடிஞ்சி கெடந்தேன். வெறகு பொளக்க ஆளில்ல, வூட்டுக்காரரு மூணாறுல இருக்காரு. இந்தக் காலத்துல யாரு கேட்ட ஒடனே குடுப்பாங்க சொல்லுங்க?"

நான் தோளிலிருந்த காலி சிலிண்டரை இறக்கி வைத்தேன். அது தரையில் பட்ட சத்தத்தில் அவளுக்குப் புரிந்தது. முகம் மாறியது.  நான்தான் உளறினேன், புத்தகம், கட்டு, பெயர், டாக்டர், சவுக்குக் கட்டை. அவள் பானையைப் பார்த்தாள்.

"இது வெந்துட்டா எடுத்துக்கலாமாண்ணே?"

தலையாட்டினேன். சாமை வேகும்வரை அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கொதிக்கும் அது குறைவதுபோல் இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். வெளியே வந்து, சார்ப்பில் சாய்த்திருந்த கோடாலியை எடுத்து அவள் கட்டைகளைப் பிளந்தேன். பேனா பிடித்த கை. பத்தாவது கட்டையில் கொப்புளம், அப்புறம் கொப்புளம் உடைந்தது. அவள் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "கோடாலிய அப்படிப் புடிச்சா அது உங்களத்தான் பொளக்கும்" என்றாள். இடது கையால் பிடிக்கும் விதத்தைக் காட்டினாள். ஒரு வாரத்துக்குக் காணும் என்கிற அளவு அடுக்கினேன். அதற்கு மேல் முடியவில்லை.

தூரத்தில் ஆரன் அடித்தது. பானையை ஒற்றைக் கையால் அவள் இறக்க, மறுபக்கத்தை நான் துணியால் பிடித்தேன். சுடரை அணைத்தேன். ரெகுலேட்டரை நான்தான் கழற்றினேன், அவளால் ஒரு கையால் திருக முடியாது. அவள் சிலிண்டரை விட்டு விலகி, எனக்கு இடம் விட்டு, சுவரோரம் நின்றாள். காலியை அங்கேயே விட்டுவிட்டு நான் அதை எடுத்தேன். எடுக்காமல் இறங்கி வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எடுத்துக்கொண்டேன். பைக்குள் இருந்த தாள்களில் இந்தச் சிலிண்டருக்கானதை அவள் இடது கையில் வைத்தேன். அவள் அதை எண்ணவில்லை, மேலே கூரையில் செருகினாள்.

"அடுத்தது என் பேர்ல வந்தா..." என்று ஆரம்பித்தேன். அடுத்தது என் வீட்டுக்கு வரும். அவள் வீட்டுக்கு அல்ல. முடிக்காமல் நின்றேன். இரண்டாவது ஆரன். மழை ஓடுகளில் விழ ஆரம்பித்தது. சிலிண்டர் தோளில் கனத்தது. அப்படியும் என் கால் வாசலைத் தாண்டவில்லை. அவள் மூன்று கல் அடுப்புக்கு முன்னால் குந்தி, நான் பிளந்த கட்டையில் ஒன்றை இடது கையால் உள்ளே தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"வூட்ல இப்ப யாருண்ணே அடுப்பு பாக்கறது?"

"அவதாம்மா. தொடாதன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"சொன்னா கேக்கறவங்களா?"

 எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த ஊதுகுழல் கண்ணில் வந்து போனது.

"அப்ப இன்னாத்துக்கு இங்க நின்னுக்கினு இருக்கீங்க? ஓடுங்கண்ணே. அந்த அக்கா இந்நேரம் ஊதிக்கினு இருக்கும்."